கழுத்துக் கட்டியும் திங்கட்கிழமையும்

தென்காசி, வெள்ளிக்கிழமை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் கிரைண்டர் இன்று காலை வயிற்றில் உளுந்தோடு காலமானது. அடக்கம் பழைய இரும்புக் கடையில். இனி உம்மாவின் கடிதம். சொல்லுவது உம்மா, எழுதுவது உன் தம்பி ஹுஸைஃபா.

அன்பு மகள் சஃப்ரினுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே இரண்டு பேரும் நலம், அங்கே ஒற்றையில் கிடக்கிற நீயும் நலமாக இருக்க துஆ. வாப்பா தம்மாமிலிருந்து பேசினார், இந்த வருஷமும் லீவு இல்லையாம். சலீம் மாமா மகன் நாளை ஃப்ளைட்டில் ஜெர்மனி வருவதால் இதோடு பருப்புப் பொடியும் வருகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலியைப் பிடித்த கையால் சாப்பிடாதே என்கிறாள் உம்மா. ராத்திரி உன் அறையில் யாரும் இல்லாமலே ஃபேனைப் போட்டுவிட்டு வருகிறாள், கேட்டால் புழுக்கம் என்கிறாள், வெளியே சாரல் அடிக்கிறது ராத்தா.

கட்டி வளராமல் பிரேக் போடுகிற அந்தப் புரதம் நரம்பைச் சுற்றின செல்லில் மட்டுமில்லை, மூளைக்குள்ளும் இருக்கிறது, எலி மூளையைச் சீவிச் சாயம் போட்டுப் பார்த்தேன் என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து உம்மாவுக்குத் தூக்கமில்லை. எனக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் பாதிதான், அதனால்தான் கழுத்தில் கட்டி என்று நீதானே சொல்லியிருக்கிறாய். அப்போ இவன் தலையிலயும் பிரேக் லூசா, அதான் கணக்கு வரமாட்டேங்குதான்னு கேளுலே என்றாள். பிரேக் மட்டும் லூசு இல்லை, வண்டியே லூசு என்றேன். சிரிக்கவில்லை.

நீ திட்டக்கூடாது. கழுத்துக் கட்டியைத் தொடாதே என்று நீ சொல்லியும், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் கரையும் என்று உம்மாதான் கூட்டிப்போனாள். உம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள். மாலிஷ் போடுகிற இசக்கிமணி அண்ணாச்சி, நரம்பு சுருண்டு கெடக்கு தம்பி, எடுத்து விட்டுருதேன் என்று கட்டை விரலால் ஒரே அழுத்து. சுண்டு விரல்வரை மின்னல். அழவே இல்லை, அருவியில் சிங்கம் மாதிரி நின்றேன். சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னதால் திருநெல்வேலிக்குப் போனோம், மிஷின் ரிப்பேர். திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடியும். துணை வேண்டாம், தனியாகவே உள்ளே போவேன்.

உம்மா தொழுகையில் உன் பேரையும் என் கழுத்தையும் விடுவதில்லை. தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

துஆவுடன்,
உன் உம்மா சுல்தான் பீவி

உம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அஸர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டாள். ராத்தா, மிஷின் நன்றாகத்தான் இருந்தது. பாதி உள்ளே போனதும் கத்தி, இறங்கி ஓடிவந்தவன் நான். ரிப்பேர் என்று உன்னிடம் சொல்லச் சொல்லி உம்மாவைக் கெஞ்சினதும் நான்தான். அருவியிலும் அழுதேன், தண்ணீரில் தெரியவில்லை. ஸ்கேன் அறைக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணி உனக்குக் காலை ஆறரை. ஒன்றும் செய்ய வேண்டாம், முழித்து மட்டும் இரு.