மணல்மேட்டு உச்சியில் அடித்த ஹாரன்

ஜனவரி 8, வட்டக்கானல்

விருந்தினர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அகிலனிடமிருந்து போன். வருஷம் தவறாமல் நம் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர். ராஜஸ்தான் பாலைவனத்துக்குள் ஜீப்புகளை வரிசையாக அழைத்துப் போவது அவர் தொழில். "ஒரு வண்டிக்கு ஆள் வரலக்கா. நீங்களும் அண்ணனும் வாங்க. மலையில ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

அண்ணனா ஓட்டப்போகிறார்? போன ஆடியில், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சவாரி எல்லாம் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த மனுஷன் ஓட்டின ஓட்டு என்ன! பார்க்கச் சகிக்கவில்லை.

"அங்க பள்ளமே கெடையாதாம்ல?" என்று மட்டும் கேட்டார். வருகிறோம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஜனவரி 21, ஜெய்சல்மேரைத் தாண்டி

மலையே இல்லை. எந்தப் பக்கமும் இல்லை! நம்மூரில் வானத்தை அண்ணாந்து பார்க்கணும். இங்கே அது காலடி வரை இறங்கிக் கிடக்கிறது. வண்டியை விட்டு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கே நின்றாலும் நான்தான் நடு. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது — எதைப் பார்த்துத் திசை வைத்துக்கொள்வது?

ஐந்து வண்டிகள், நாங்கள் நான்காவது. மணலில் புதையாமலிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார் அகிலன். எனக்கு மனசே ஒப்பவில்லை.

பக்கத்தில் ஈஸ்வரன் இன்று கண்ணை மூடவில்லை.

ஜனவரி 22

காதில் மணல், சோற்றில் மணல். இருந்தாலும் இன்னும் பார்த்துத் தீரவில்லை.

ஜனவரி 23

மானத்தை வாங்கிவிட்டேன்.

மணல்மேட்டில் ஏறினால் எங்கேயும் நிற்கக்கூடாது என்று அகிலன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உச்சிக்கு வந்தேன். முன்னால் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வானம். தெரியாத வளைவென்றால் நம்மூரில் என்ன செய்வோம்? ஹாரன் அடித்து, நிறுத்தி, எதிரே சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போவோம். கை தானாக ஹாரனுக்குப் போனது, கால் பிரேக்குக்கு. வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில்.

வாக்கி டாக்கியில் அகிலன்: "யாருக்குக்கா ஹாரன்? ஒட்டகத்துக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயோ, மறுபடியும் தொங்குறோமே... இந்த மனுசன இதுக்கா கூட்டியாந்தேன்? அவர் முகத்தைப் பார்க்கவே பயம். கதவைத் திறந்து இறங்கினார். விளிம்பில் நின்று வெகு நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு — நான் கத்தியேவிட்டேன் — பொத்தென்று உட்கார்ந்து அடிவரை சறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கீழே எழுந்து நின்று கையை ஆட்டினார். "பரமு! இம்புட்டுதான்! வெறும் மணலு கெடக்கு!"

ஏறி வந்து என்னோடு சேர்ந்து கையாலேயே மணலைத் தோண்டினார். நேராக இறக்கணும், பிரேக்கை மிதித்தால் வண்டி குறுக்கே திரும்பி உருண்டுவிடும் என்றார் அகிலன். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நீ மிதிச்சிருவ. தள்ளு" என்றார் அவர்.

தள்ளி உட்கார்ந்தேன். அவர் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பிரேக்கைத் தொடாமல் இறக்கினார். இரண்டு பக்கமும் மணல் தண்ணீர்போல எங்களோடு வழிந்து வந்தது. கீழே வந்து என்ஜினை அணைத்ததும் எந்தச் சத்தமும் இல்லை. காற்றுகூட இல்லை. இப்படி ஓர் அமைதி உலகத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அழுதோம்.

ஜனவரி 24

இன்று முழுக்க அவர்தான் ஓட்டினார். ஊரில் ஓட்டுவாரா? கேட்கவில்லை. அங்கே கீழே இருப்பது மணல் இல்லை.

பிப்ரவரி 2, வட்டக்கானல்

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் விட்டிருந்த நம் ஜீப்பை எடுத்தோம். சாவியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மலை ஏறத் தொடங்கியதும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தேன். நல்ல மூடுபனி.

யாரோ தோளைத் தட்டினார்கள். அவர்தான். பெருமாள்மலை டீக்கடை.

"அந்த வளைவு எப்பங்க வந்துச்சு?" என்று பதறிக் கேட்டேன்.

"அது அப்பவே போச்சு. நீ நல்லா ஒறங்கிட்ட. டீயக் குடி, ஆறுது."