பட்டுக் கயிறு

ஐப்பசிக் கடைசி ஞாயிறு, 1961

ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்து இன்றுதான் வைப்பாற்றில் தெப்பம் விடும் அளவுக்குத் தண்ணீர் வந்தது. வாழைமரத் தெப்பத்தில் நானும் மைத்துனன் முருகேசனும் நீரோட்டத்தோடு மிதந்து போனோம். சேவல் இறகில் நானே கட்டிய பொய்ப்பூச்சியை, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் கொடுத்துப்போன தூண்டிலில் மாட்டப் போனேன். ரீலில் பட்டுக் கயிறு இல்லை. சணல் சுற்றியிருந்தது.

"கோவிக்காதீக அத்தான். தீவாளி ஆர்டர் நேரத்துல பட்டாசுக் கம்பெனியில நூல் தீந்துபோச்சு. சும்மா கெடக்குதேன்னு அதை எடுத்துச் சரம் பின்னிட்டேன்."

"ஏலே, அது சீமைப் பட்டுலே! இனி எங்கன போய் வாங்குவேன்?"

"அம்புட்டு ஒசத்தியா?" என்று சிரிக்கிறான். தண்ணீரில் தள்ளியிருப்பேன்; அவனுக்கு நீச்சல் தெரியாது. கரை சேரும்வரை சுற்றிலும் கெண்டை துள்ளிக்கொண்டே இருந்தது.

படுத்த பிறகுதான் உறைத்தது. தீபாவளியன்று எங்கள் வாசலில் அவன் ஒரு நீளச் சரம் கொளுத்தினான். ஓரிடத்தில்கூட அறாமல் கடைசிவரை வெடித்தது. "நூல்னா இதுதாம்லே நூல்" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தவன் நான்தான்.