பேகத்தின் முழங்கை

மெட்டுகுடா,
செகந்திராபாத்.

அன்புள்ள விஜயாவுக்கு,

இங்கே நானும் பேகமும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். உன் அண்ணனுக்கு இடுப்பு ஆபரேஷன் தையல் பிரித்தாகிவிட்டதா? வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்கிறாரா? போனிலேயே கேட்டிருக்கலாம்தான். போனில் நாம் இரண்டாவது வார்த்தைக்கே குரலை உயர்த்திவிடுகிறோம்.

போன கடிதத்தில், நீ இல்லாத ஏக்கத்தில் பேகம் கட்டிலில் ஏறுவதையே விட்டுவிட்டாள், தரையில் நான் விரித்த உன் பழைய புடவையிலேயே கிடக்கிறாள், பூனையானாலும் மனசு இருக்கிறது பார் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து அழுதுவிட்டு நீ ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாக உன் அண்ணி போனில் சொன்னார். அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

பேகத்துக்கு ஏக்கம் இல்லை. முழங்கையில் கட்டி.

மாடிவீட்டு சபீனாதான் தடவிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கே மாமா என்றாள். புற்றுநோய்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். சபீனாவின் காரிலேயே சைனிக்புரிக்கு, டாக்டர் ரோஸ்லினிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்து, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை, விஜயா. வயதான பூனைகளுக்கு மூட்டுக்குள் குருத்தெலும்பு முண்டு முண்டாக வளர்ந்து கெட்டிப்படுவது உண்டாம். கெட்ட கட்டி இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். ஆனால் தாவினால் வலிக்கும். பூனை வலியைச் சொல்லாது, ஏறுவதை நிறுத்திக்கொள்ளும் என்றார். தைலம் தேய்க்கலாமா என்று கேட்டு நன்றாகத் திட்டு வாங்கினேன். நக்கினால் விஷமாம்.

வலி மருந்து ஆரம்பித்து, கட்டிலோரம் பெட்டியையும் மணையையும் படி மாதிரி போட்டேன். இப்போது நிதானமாக ஏறி என் தலையணையில் படுத்துக்கொள்கிறாள். புடவையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தரையில் மெத்தென்று வேறொன்றும் இல்லாததால் அன்று அதில் படுத்திருந்தாள், அவ்வளவுதான். நான்தான் பாசம் பாசம் என்று உருகியிருக்கிறேன்.

ஆகவே பேகத்துக்காக நீ அண்ணனைப் பாதியில் விட்டுவிட்டு வரவேண்டாம். கடித்தாலும் மருந்தைக் கொடுத்துவிடுகிறேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு, எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தம் இருக்கிறது. உன் அண்ணன் சீக்கிரம் எழுந்து நடமாட அந்த முருகன் அருள் செய்யட்டும். அதுவரை தேதியை வேண்டுமானால் தள்ளிப் போடு. ரத்து மட்டும் செய்துவிடாதே.

உன்,
சிவஞானம்