பலராமன் சாரின் உப்புப்பூ

3 மார்ச் 1975

கரண்டியின் பின்பக்கத்தால் அடித்தார். முழங்கைக்குக் கீழே, எலும்பின் மேல். குழம்பு ஒரு கொதி கூடிவிட்டதாம். கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, "நோட்ட எடு. எங்க வுட்டோம்?" என்றார்.

பாரிஸில் விட்டிருந்தோம்.

வாரப் பத்திரிகையில் வரும் பலராமன் சாரின் வாழ்க்கைக் கதையை எழுதுவது நான். அவர் சொல்வார், நான் எழுதுவேன், மேலே அவர் படம் வரும், வெள்ளைத் தொப்பியோடு. ரேடியோவில் பேசுகிறார். மெட்ராஸில் மந்திரி வீட்டுக் கல்யாணம் என்றால் கார் அனுப்புகிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின சமையல்காரன் என்பதால்தான் என்னை வேலைக்கு எடுத்தார். நறுக்குவது, எழுதுவது, அடி வாங்குவது எல்லாம் ஒரே கை.

9 மார்ச்

உண்மை இது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் வீட்டில் அவர் அப்பா தண்ணீர் சுமந்தார். பலராமன் பாத்திரம் தேய்த்தார். அங்கிருந்த வெள்ளைக்காரச் சமையல்காரன் ஒரு நாள் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினான். அந்தத் தழும்பை எனக்குக் காட்டினார். பளபளவென்று, ஒரு ரூபாய் அகலம்.

எழுதச் சொன்னது இது: 'என் குரு என்னைக் கட்டித் தழுவி, நீ பெரிய ஆளாக வருவாய் என்றார்.'

எழுதினேன். பிறகு கேட்டேன், ஏன் சார் பொய்? சிரித்தார். "அவன் சுட்டான், நான் சமையல்காரன் ஆனேன். உன்ன இன்னும் எவனும் சுடல. அதான் உன் கையில ருசி இல்ல."

22 மார்ச்

மரக்காணத்தில் நாங்கள் சமைக்கிற இந்த விடுதியும் பக்கத்து உப்பளமும் பக்தவச்சலம் முதலியாருடையது. சனி ஞாயிறு வேனில் வெள்ளைக்காரர்களும் மெட்ராஸ் அதிகாரிகளும் வருகிறார்கள். 'உப்புக்கரை விருந்து' என்று பெயர். உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர்களைப் போட்டோ எடுப்பார்கள், பிறகு நிழலில் உட்கார்ந்து இறால் தின்பார்கள். வேன் ஓட்டும் ஹபீப் முஹம்மது புதுச்சேரியிலிருந்து ஒயின் பாட்டில்களை ஐஸ் மீனுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறார். இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஊரில் ஒருத்தன் சாராயம் குடித்தால் லாக்கப். இங்கே பிடிக்க வேண்டியவரே கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

இன்று அவர்கள் போட்டோ எடுத்தது என் அக்கா பாஞ்சாலையை. தலையில் உப்புக்கூடை. சிரிக்கச் சொன்னார்களாம். "கூடைய நீ தூக்கு, நான் சிரிக்கிறேன்னேன்" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

6 ஏப்ரல்

கடிதம் தருகிறேன் என்றார். மெட்ராஸில் பெரிய ஹோட்டல், அங்கே தலைமைச் சமையல்காரர் இவருடைய சிஷ்யன். "சீசன் முடியட்டும். என் கையெழுத்து ஒண்ணு போதும், நீ எங்கியோ போய்டுவ."

எங்கேயோ. இந்த உப்பு நாற்றம் இல்லாத எங்கேயோ. அதற்காக இன்னும் எத்தனை அடி வாங்க வேண்டுமோ. வாங்குவேன்.

20 ஏப்ரல்

சடையப்பன் மாமா — அக்காவின் புருஷன் — முதலியார் அளத்தில் இருபது வருஷமாக உப்பு வாருகிறவர். இன்று ஒரு பாத்தியைத் திறந்துவிடப் போனபோது பலராமன் சார் ஓடிவந்து தடுத்தார். தண்ணீர்மேல் வெள்ளையாக மெல்லிசாகப் பூத்திருந்தது. "திறக்காதே. பிரான்ஸ்ல இதுக்குப் பேரு உப்புப்பூ. தங்கம் மாதிரி விப்பான். வர்ற ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து பெரிய கூட்டம். அவங்களுக்கு இதுதான்."

அவர் போன பிறகு மாமா என்னிடம் சொன்னார்: "மச்சான், மூணு தபா வாரினதுக்கு அப்பால மிஞ்சற தண்ணி இது. கசப்புத் தண்ணி. வடிச்சுத்தான் ஆவணும். இதுல பூக்கறது பாக்கத்தான் மல்லிப்பூ. மாடு நக்கினாக்கூட கழியும். அவர்கிட்ட சொல்லிடு."

சொன்னேன். கன்னத்தில் விழுந்தது. "உப்பு வார்றவன் எனக்கு உப்பு சொல்லித் தர்றானா?"

27 ஏப்ரல்

பதினெட்டுப் பேர். பலராமன் சார் அந்த உப்புப்பூவை எலுமிச்சை ஜூஸில் போட்டார், சூப்பில் போட்டார், கொடுவா மீன்மேல் கை நிறையத் தூவினார். ஒரு அதிகாரி முகத்தைச் சுளித்து, கசக்கிறதே என்றார். "அதுதான் சார் இந்தக் கரையோட ருசி. நாக்கு பழகினவங்களுக்குத்தான் தெரியும்." உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். தெரியாத நாக்கு என்று யாரும் பெயர் வாங்க விரும்பவில்லை. இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

நல்ல உப்பு அரை மூட்டை என் காலடியில் இருந்தது. மாற்றியிருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாற்றவில்லை. போகட்டும், எல்லோருக்கும் வயிற்றால் போகட்டும், இவன் தொப்பி கழன்று விழட்டும் என்று நினைத்தேன். அதை இங்கேயாவது மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது. கக்கூஸ் இரண்டுதான். சவுக்குத் தோப்புக்கு ஓடினார்கள், பட்டுப் புடவையும் கோட்டுமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். பிறகு கிழ வெள்ளைக்காரர் ஒருவர் மயங்கிக் கிணற்றுச் சுவரில் மண்டை மோதி விழுந்தார். ரத்தம் காது வழியாக வந்தது. ஹபீப் அவரை வேனில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் பறந்தார்.

28 ஏப்ரல்

போலீஸுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒயின் வெளியே வரும். மெட்ராஸ்காரர்களுக்குக் காட்ட ஒரு குற்றவாளி மட்டும் வேண்டும்.

உப்புக் கிடங்கில் மாமாவைத் தூணில் கட்டியிருந்தார்கள். முதலியாரின் ஆட்கள் இரண்டு பேர். முதலியார் நாற்காலியில். வேண்டுமென்றே கெட்ட உப்பைக் கொடுத்தான் என்று பலராமன் சார் சொன்னார். "நான் அப்பவே சொல்லி அனுப்பிச்சேங்க. என் மச்சான்கிட்டதான் சொன்னேன். கேட்டுப் பாருங்க" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலராமன் சார் மெதுவாகக் கேட்டார். "சொன்னானா?"

கடிதம். மெட்ராஸ். அந்த நாற்காலி. அந்த இரண்டு பேரின் கை. எல்லாம் ஒரு நொடியில் வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். நேரம் இருந்தது. யோசித்தேன்.

"இல்ல சார்."

உப்புக் கட்டி உடைக்கிற கட்டையை எடுத்தார்கள். மாமாவின் வலது கையைப் பலகைமேல் விரித்து வைத்தார்கள். முதல் அடிக்குக் கத்தினார். இரண்டாவது அடிக்குக் கத்தவில்லை, என்னைப் பார்த்தார். மூன்றாவதில் விரல்கள் விரல்களாக இல்லை.

30 ஏப்ரல்

எட்டுக் கிலோ வெங்காயம் நறுக்கினேன். ஒரு துண்டுகூடக் கோணவில்லை. ஏன் கோணவில்லை?

4 மே

கிழவர் பிழைத்துவிட்டார். சார் சந்தோஷமாக உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கானதைச் சொன்னார்: விருந்தின் புகழைப் பொறுக்காத ஒரு கூலிக்காரன் உப்பில் வஞ்சம் கலந்தது, தான் பெருந்தன்மையோடு அவனை மன்னித்தது. மன்னித்தாராம்.

நான் எழுதினேன். அதுவும் நன்றாக எழுதினேன். 'வெள்ளை உப்பில் கறுத்த மனம்' என்று தலைப்பு வைத்தேன். முதுகில் தட்டினார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

7 மே

அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போடுகிறவர் வந்து போயிருந்தார். இரண்டு விரல் எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் மடங்காதாம்.

"நீ அங்கதான இருந்த. உனக்கு ஒண்ணும் தெரியாதாடா?" என்று அக்கா கேட்டாள். சமையல்கட்டில் இருந்தேன் என்றேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை.

18 மே

மெட்ராஸ் பஸ். சட்டைப்பையில் கடிதம். பக்கத்து சீட்டுக்காரர் பத்திரிகை வாங்கினார். பலராமன் பக்கத்தைப் புரட்டி, மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "வெள்ளை உப்பில் கறுத்த மனம். ஆகா. கூலிக்காரன் புத்தி எங்க போவும்? கைய ஒடச்சிருக்கணும்." அந்த அம்மாள் ஆமாம் என்றாள்.

என் வாக்கியம். ஒரு எழுத்து மாற்றாமல் போட்டிருந்தார்கள்.

திண்டிவனத்தில் இறங்கிவிட்டேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. டீக்கடை அடுப்பில் போட்டேன். எதிர்ப் பஸ் ஏறினேன்.

26 மே

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

எதிர்ப் பஸ் ஏறிய அன்று மத்தியானம் நேராக விடுதிக்குப் போனேன். விருந்து நடந்துகொண்டிருந்தது. அந்த உப்புப்பூ இன்னும் கண்ணாடி ஜாடியில், கூடத்து மேஜைமேல். பார்க்க அழகாக இருக்கிறது என்று எறியாமல் வைத்திருந்தார். ஜாடியை எடுத்துக்கொண்டு போய் பலராமன் சாரின் தாடையைப் பிடித்தேன். கை நிறைய அள்ளி வாயில் திணித்தேன். மறுபடி அள்ளினேன். "இந்தக் கரையோட ருசி சார். நாக்கு பழகட்டும்." பல்லில் என் விரல் கிழிந்தது. விடவில்லை. தொப்பி விழுந்தது. முழங்காலால் அவர் நெஞ்சை அழுத்தி, வாயை மூடிப் பிடித்தேன், விழுங்கும் வரை. கண் பிதுங்கியது. கொன்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் கை தட்டினாள். இதுவும் விருந்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பாள்.

பிறகு முதலியார் ஆட்கள் வந்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. விலா எலும்பு எத்தனை என்று தெரியவில்லை. கடைசியில் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனார்கள். பலராமன் சார் வாந்தி எடுத்துக்கொண்டே கரண்டியை அடுப்பில் பழுக்க வைத்தார். என் மணிக்கட்டில் அழுத்தும்போது அழுதார். அவர்தான் அழுதார். "இப்ப நீயும் சமையல்காரன்டா" என்றார்.

ஹபீப் என்னை வேனில் தூக்கிப்போட்டு அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

2 ஜூன்

சொல்லிவிட்டேன். மாமா எச்சரித்தது, நான் உப்பை மாற்றாமல் விட்டது, கிடங்கில் இல்ல சார் என்று சொன்னது — எல்லாம். அக்கா என் நெற்றிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தாள். கையைக் கழுவினாள். எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் கஞ்சி வைத்தாள். வாயில் வைத்தேன், உப்பு இல்லை. நிமிர்ந்தேன்.

"இந்த வூட்ல உனுக்கு உப்பு கெடையாது. கேக்காத."

15 ஜூன்

முதலியார் அளத்தில் இனி எங்களுக்கு இடமில்லை. மூன்று மைல் தெற்கே வேறொருவர் அளத்தில் சேர்ந்திருக்கிறோம். மாமாவின் உப்பு வாரும் பலகையை நான் இழுக்கிறேன். மாமா வரப்பில் நிற்பார். "சாய்ச்சுப் புடி", "கீறாத, சேறு வரும்" — இவ்வளவுதான் பேசுவார். மச்சான் என்று கூப்பிடுவதில்லை. கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் பல்லைக் கடிக்க வேண்டும். கடிக்க முன்பல் இல்லை.

கஞ்சி. உப்பில்லை.

20 ஜூலை

கருவாடு சுற்றி வந்த தாளில் பலராமன் சார். டெல்லியில் சுற்றுலாவுக்கு ஆலோசகராம். நாடெங்கும் விருந்துப் பயணங்கள் ஏற்பாடு செய்யப்போகிறாராம். அவர் கதையை இப்போது வேறு யாரோ எழுதுகிறான். வாக்கியம் மொண்ணை. இருந்தும் கடைசிப் பத்தியில் 'மரக்காணத்தில் நான் கண்டுபிடித்த உப்புப்பூ' என்று இருக்கிறது.

அக்கா அந்தத் தாளைக் கசக்கி அடுப்பில் வைத்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

9 ஆகஸ்ட்

வாரத்தில் ஏழு நாள் வெள்ளையில் நின்று கண் எரிகிறது. மலைமலையாக உப்பு. சாப்பாட்டில் ஒரு கல் இல்லை. வாரும்போது ஒரு கல் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம், யார் பார்க்கிறார்கள்? போட்டுக்கொள்ளவில்லை.

31 ஆகஸ்ட்

மூன்றாவது வாரல் முடிந்தது. மிஞ்சிய தண்ணீரில் ஓரமாகப் பூக்க ஆரம்பித்திருந்தது. மாமா சொல்வதற்கு முன்பே மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டினேன். கசப்புத் தண்ணீர் மஞ்சளாக, எண்ணெய் போல, ஓடைக்குப் போனது. முழுதும் போகும்வரை நின்றேன். மாமாவும் நின்றார்.

மத்தியானம் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து, வழக்கம்போல என் பங்கைத் தனியாக வைத்தாள். மாமா எழுந்து போய்க் குவியலிலிருந்து இடது கையால் உப்பு எடுத்துவந்தார். இன்னும் அந்தக் கை பழகவில்லை. பாதி வழியிலேயே சிந்தியது. மிச்சத்தை என் கஞ்சியில் போட்டார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகமாகிவிட்டது. கரித்தது. குடித்து முடித்தேன்.