வக்கீல் கோட்டின் கடைசிப் பொத்தான்

நம் மகளின் அம்மாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனபின் நம் தையல் கடையில் ஒரு கூத்து. வக்கீல் கோட்டின் கடைசிப் பொத்தானைக் காணவில்லை. உன் தம்பிதான் தொலைத்தான் என்று நாள் முழுக்க அவனை வறுத்தெடுத்தேன். சாயங்காலம் ஷூவைக் கழற்றினேன். பொத்தான் உருண்டு விழுந்தது. உள்ளங்காலில் அதன் வட்டம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"மாமா, வலிக்கலையா?"

"இல்லடா."

உடனே உன் தம்பி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடவைத்துக் கூட்டிவந்தான்.

"சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சு, தினமும் பாதத்தைக் காட்டுங்க" என்று நீ கெஞ்சும்போதெல்லாம் காலை இழுத்துக்கொள்வேன். இப்போது உன் தம்பி பார்க்கிறான். அவனிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

பொத்தானைத் தைத்துக் கொடுத்தாயிற்று. கோபம் ஆறியதும் வா. நீ கேட்காமலே காலை நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரன்