உன் அப்பாவின் பின்பலகை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், படகுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறியிருக்கிறது. அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் நேரம் கிடைத்து நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் 'மீட்டிங் இருக்கும்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

படகை விலைக்குக் கேட்கச் சொல்லி உன் சிநேகிதனை, எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியோடு திரிகிற அந்தக் கூலிங்கிளாஸை, அனுப்பிவைத்தாய் அல்லவா, வந்தான். வீட்டுக்குள் வந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கார் கொட்டகையில் டிரெய்லர் மேல் நிற்கிற படகை ஒரு சுற்றுச் சுற்றி, இஞ்சின் மாட்டுகிற பின்பலகையை விரல் மடக்கித் தட்டினான். மற்ற இடமெல்லாம் டொக் டொக் என்றது, அங்கே மட்டும் தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. ஒரு ஸ்குரூடிரைவரை வாங்கி ஆணி ஓட்டையில் குத்தினான், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, உருவினால் பழுப்பாகத் தண்ணீர் ஒழுகுகிறது. வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கிறது, உள்ளே இருக்கிற மரம் ஊறின ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. 'அங்கிள், இதுல இஞ்சினை மாட்டினீங்கன்னா நீங்க ஒரு பக்கம், இஞ்சின் ஒரு பக்கம் போவீங்க. எங்கிட்டயே குடுத்துடுங்க' என்றான். அப்பா அந்த ஓட்டையை விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவர் சொல்லி நகர்கிற ஒரே பொருள் அந்தப் படகுதான், டிவி ரிமோட் கூட என்னிடம்தான் இருக்கிறது. கடைசியில், 'பலகையை நானே மாத்தறேன். இஞ்சினைத் தாங்கலைன்னா எடுத்துட்டுப் போ' என்றார். அன்றைக்கு மாலையே நீ எனக்குத் தனியாகப் போன் செய்து, 'அம்மா, நீதான் எப்படியாவது விக்க வைக்கணும்' என்றாய். நானும் உம் கொட்டி வைத்தேன். உனக்கு ஒரு உம், அவருக்கு ஒரு உம், என் பிழைப்பு அப்படி.

மறுநாள் கிரைண்டர் வாங்கி வருகிறேன் என்று அப்பா கிளம்பினார். நம்முடையது ஓடாமல் நின்று எவ்வளவு நாளாகிறது, மனுஷனுக்கு இப்போதாவது கண் திறந்ததே என்று சமையலறை மேடையில் இடமெல்லாம் ஒழித்துவைத்தேன். வந்தது இரும்பு அறுக்கிற கிரைண்டர். அதை வைத்துப் பின்பலகையின் உள்பக்க ஃபைபரை ஜன்னல் மாதிரி அறுத்தெடுத்து, உளுத்த மரத்தைச் சுரண்டிச் சுரண்டி வாளி வாளியாக அள்ளினார். அந்த ஃபைபர் தூசி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அவர் சட்டையை என் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டது என் புத்திசாலித்தனம். பக்கத்து வீட்டு டீச்சர் பேச வந்தவர், நாங்கள் ஜோடியாகச் சொறிந்துகொள்வதைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போய், கடைசி வம்பைத் தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகை வைக்கிற அன்றைக்கு உன் மாமா மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார். என் கூடப் பிறந்த அண்ணன்தான், இருந்தாலும் சொல்கிறேன், வீடியோ பார்த்தே கடலைக் கரைகண்டவர். புது பிளைவுட்டை அளவாக வெட்டி, ரெசின் என்கிற பசையைத் தடவி ஒட்டி, அதன் மேல் ஃபைபர் துணி விரித்து மறுபடியும் ரெசின் பூச வேண்டும், அது இறுகுகிற வரைக்கும் ஏதாவது தட்டையான பலகையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தட்டையான பலகைக்கு எங்கே போவது, உன் அறைக் கதவைக் கழற்றிப் படகின் அகலத்துக்கு அறுத்துவிட்டார்கள். கதவுக்கும் ரெசினுக்கும் நடுவில் பாலிதீன் போட வேண்டும், போடாவிட்டால் கதவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது அப்பா கையுறை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, 'ஏய், அதை எடுத்து அதுக்கு மேல போடு, சீக்கிரம்!' என்று கத்தினார். உன் அப்பாவுக்கு உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரே பெயர், அது. உப்பும் அது, கரண்டு பில்லும் அது. கல்யாணமான நாளாக எந்த அது எந்த அது என்று கண்டுபிடித்தே எனக்குப் பாதி முடி நரைத்தது. ரெசின் சொட்டுகிறதே என்று நான் பாலிதீனை எடுத்துப் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர் மேல் போர்த்தினேன். 'போட்டாச்சா?' என்றார், 'போட்டாச்சு' என்றேன். கதவை வைத்து, கவ்விப் பிடிக்கிற கிளாம்பைப் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

காலையில் கிளாம்பைக் கழற்றினால் கதவு வரவில்லை. மாமா சுத்தியலால் தட்டினார், அப்பா கடப்பாரையால் நெம்பினார், படகே டிரெய்லரோடு நகர்ந்தது, கதவு நகரவில்லை. ஸ்கூட்டர் மட்டும் புதுசு மாதிரி நின்றது. 'வீடியோல இப்படி வரலையே' என்றார் மாமா. பள்ளிக்கூட நாளில் நீ கதவில் 'தட்டிவிட்டு உள்ளே வரவும்' என்று பெயிண்டால் எழுதினாயே, அந்த எழுத்து இப்போது பின்பலகையில் நிரந்தரம். தண்ணீர் படித்துப் பார்த்துத் தட்டிவிட்டு வரட்டும் என்றேன், யாரும் சிரிக்கவில்லை. இஞ்சின் உட்காரும் இடத்தில் மட்டும் கதவை வெட்டியெடுத்து, மீதியை அப்படியே, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மெல்லிசாக ஃபைபர் போட்டு மூடினார் அப்பா.

நேற்று பரீட்சை. கூலிங்கிளாஸ் படகை இழுத்துப்போக வண்டியோடேயே வந்துவிட்டான், அவ்வளவு நம்பிக்கை. 'நேரா இஞ்சினை மாட்டி, அது விழுந்து தொலைச்சா? முதல்ல அந்தக் கனத்துக்கு வேற எதையாவது ஏத்திப் பாரு மாப்ளே' என்றார் மாமா. சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 'இஞ்சினை விட அஞ்சு கிலோ கூடத்தான் இருப்பா' என்றார் என் உடன்பிறப்பு. பின்பலகையில் ஒரு கட்டையை போல்ட் போட்டு வெளியே நீட்டிவிட்டு, ஸ்டூல் வைத்து என்னை ஏற்றினார்கள். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. மெதுவாக உட்கார்ந்தேன். அப்பா 'பாத்து, பாத்து' என்றார். எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்துதான் போனது, திரும்பிப் பார்த்தால் மனுஷன் பலகையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், பாத்து என்றது அதற்கு! வந்த கோபத்தில், நீ கேட்டுக்கொண்டதும் நினைவில் இருந்தது, உடைந்து தொலையட்டும் என்று என் முழு பலத்தையும் போட்டு எம்பி எம்பி உட்கார்ந்தேன். டிரெய்லர் சக்கரம் முனகியது, பலகையில் ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை. அப்பா முகம் எப்படி வெளுத்திருந்தது தெரியுமா, நீ பிறந்த அன்றைக்குப் பிரசவ வார்டு வாசலில் நின்றபோது கூட அவ்வளவு வெளுக்கவில்லை. பிறகு காதை எடுத்துவிட்டு, 'இன்னும் ஒரு தடவை' என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். குதித்தேன். இந்தத் தடவை, உண்மையைச் சொன்னால், உடையக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் குதித்தேன். உடையவில்லை.

கூலிங்கிளாஸ் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி, 'ஆன்ட்டி, அப்ப படகு?' என்றான். நான் கட்டை மேலிருந்து இறங்கவே இல்லை. 'எந்தப் படகைக் கேக்கறே நீ?' என்றேன். பாவம், வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஆகவே விற்கிற பேச்சை இத்துடன் விட்டுவிடு, எனக்குத் தனியாகப் போன் செய்து உம் கொட்ட வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்குகிறோம், நானும் போகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சமாதானமாகி, நூறு வருஷம் நன்றாக இருங்கள். இங்கே வருவதற்கு முன்னால் மருமகளுக்கு நீச்சல் தெரியுமா என்று மறக்காமல் கேட்டு எழுது. தெரியாவிட்டால் கவலையில்லை, எனக்கும் தெரியாது, அப்பாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

ஆசிகளுடன்,
அம்மா