ராஜி தந்த பூனை

4 ஒக்டோபர் 1993, திங்கள்

தூறல். கா. 6.30க்குக் கடை திறந்தேன். பால், பேப்பர் வந்தாயிற்று. பேக்கரிப் பாண் இன்றைக்கும் லேட்.

ஸ்டோரில் இன்னொரு பருப்புப் பை ஓட்டை. எலிப் புழுக்கை கீழ்த்தட்டு வரை. இந்தக் கிழமை கவுன்சில் சுகாதார ஆள் வரலாம் என்று பக்கத்து சலூன்காரர் சொன்னார். வந்தால் எலியையும் ஒளிக்க வேண்டும், பூனையையும் ஒளிக்க வேண்டும்.

பூனை வந்து மூன்று கிழமை. தங்கச்சி ராஜி டொரொண்டோவில் இருந்து வரும்போது கொண்டுவந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி ஆறு மாதம் குவாரன்டீனில் அடைப்பு. கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வெளியே விடுகிற நேரம் பார்த்து, கிங்ஸ்பரியில் அவளுடைய வாடகை வீட்டுச் சொந்தக்காரன் மிருகம் கூடாது என்றுவிட்டான். "அண்ணை, உங்கடை கடைக்கு எடுங்கோ. இது பிடிக்காத எலி இல்லை" என்றாள். எடுத்தேன். அவள் சொல்லி நான் எதை நம்பாமல் இருந்தேன்?

பெயர் பெப்பர். நான் துரை என்கிறேன். அரிசி மூட்டைமேல் இருந்து மேற்பார்வை மட்டும்.

5 ஒக்., செவ்வாய்

என் கண்ணாலே பார்த்தேன். சுவரோரம் எலி. துரை பதுங்கினார், பாய்ந்தார், இரண்டு கையாலும் அமுக்கினார். எலி கைக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் பாய்ச்சல். மறுபடியும் கை நழுவல். பிறகு உட்கார்ந்து கையை நக்குகிறது. வெட்கம் கெட்டது.

டின் சாப்பாட்டுக் கொழுப்பு. இன்றோடு நிறுத்தம். பசி வந்தால் தானாகப் பிடிக்கும்.

"வாயில்லாச் சீவன். பாவம் பிடிக்கும்" என்று வசந்தி. பெண்டாட்டிக்கு எலியைவிடப் பூனையில் கவலை.

வாங்க: எலிப்பொறி 4, பிளீச், 40 வாட் பல்ப், வசந்திக்கு முழங்கால் தைலம்.

7 ஒக்., வியாழன்

குளிர். இரண்டு நாளாகத் துரைக்குத் தண்ணீர் மட்டும். எலி ஒன்றும் பிடிக்கவில்லை. கதவடியில் நின்று ஒரே கத்தல். தள்ளப் போனேன், கையைக் கடித்துவிட்டது. எனக்கும் கோபம் வந்தது. பிடரியில் தூக்கிப் பின்வளவில் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

பத்து நிமிடம் இருக்காது. பின்னால் பெரிய சத்தம். அடுத்த தெருச் செம்மஞ்சள் கடுவன் பூனை. துரை பலகை வேலியில் பாய்கிறது, வழுக்கி விழுகிறது, பாய்கிறது, விழுகிறது. வேலி ஏறத் தெரியாத பூனையும் இருக்கிறதா? நான் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடுவதற்குள் காது கிழிந்துவிட்டது. முதுகெல்லாம் இரத்தம்.

வசந்தி என் கையிலிருந்து பூனையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

8 ஒக்., வெள்ளி

மழை. கவுன்சில் ஆள் வரவில்லை. கடையை வசந்தியிடம் விட்டுவிட்டு, நூடுல்ஸ் பெட்டியில் பூனையோடு மிருக வைத்தியரிடம். இளம் வெள்ளைக்காரப் பெண். காதில் மூன்று தையல். பிறகு முன்னங்காலை எடுத்து ஒவ்வொரு விரலாக அமுக்கினார். நகம் எங்கே என்று என்னைக் கேட்டார்.

வெட்டிவிட்டதோ என்றேன். இல்லையாம். விரலின் நுனி எலும்போடு எடுத்திருக்கிறதாம். என் விரலைப் பிடித்து முதல் கணுவில் கோடு கீறிக் காட்டினார், இந்த இடத்தில் என்று. அவருடைய கிளினிக்கில் இதைக் கேட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவாராம்.

எலி பிடிக்குமா என்று கேட்டேன். சிலது பல்லால் பிடிக்குமாம். இதற்குப் பிடித்து வைத்திருக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஏறி ஓடவும் ஏலாது, கடிக்க மட்டும்தான் முடியும். வெளியே விடவே கூடாது.

மெலிந்திருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்றார். யெஸ் என்றேன்.

மா. 5. ராஜிக்கு போன்.

"ராஜி, பூனைக்கு நகம் எங்கை?"

"அதோ... அது குட்டியிலையே எடுத்தது அண்ணை. புது சோபா முழுக்கக் கீறிப்போட்டுது. அங்கை எல்லாரும் செய்யிறவை."

"அப்ப ஏன் எலி பிடிக்கும் எண்டு சொன்னனி?"

"சொல்லாட்டி நீங்கள் எடுத்திருப்பியளே?"

எடுத்திருக்க மாட்டேன். அதுதான் எரிகிறது. வேறு யாரும் சொல்லியிருந்தால் இரண்டு தரம் விசாரித்திருப்பேன். கூடப்பிறந்தவள் என்றபடியால் கேட்கவில்லை. அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

9 ஒக்., சனி

பொறியில் எலி 2. துரைக்கு டின் மீன். நான் வைத்தால் அலமாரிக்குப் பின்னால் இருந்து அசையாது. வசந்தி வைத்தால் வருகிறது. நான் இருமினாலும் ஓட்டம்.

நாளை ராஜி வருகிறாள். கேட்க வேண்டியவை:

1. விரலை வெட்ட மனம் எப்படி வந்தது? சோபா பெரிதா?
2. என்னை மடையன் என்று நினைத்தாளா?
3. வேறு என்னென்ன பொய்?

மூன்றாவது வேண்டாம் என்று வசந்தி. கேட்பேன்.

10 ஒக்., ஞாயிறு

நல்ல வெயில். 4 மணிபோல ராஜி, கையில் கேக். காதுத் தையலைப் பற்றிக் கேட்டு அழுதாள். அழட்டும். மூன்று கேள்வியும் என் வாயில் தயார்.

பின் அறைச் சோபாவில் இருந்துகொண்டு "பெப்பர்" என்றாள், ஒரே ஒருதரம். அலமாரிக்குப் பின்னால் இருந்து வந்தது. நேரே அவள் மடியில். கண்ணை மூடிக்கொண்டு முன்னங்கால் இரண்டாலும் அவளுடைய சேலையை மாறி மாறி அமுக்குகிறது. மெல்லிய நைலெக்ஸ் சேலை. ஒரு நூல்கூட இழுபடவில்லை.

கேட்கத்தான் கிட்டப் போனேன். என்னைக் கண்டதும் குதித்து ஓடிவிட்டது.

"என்னண்ணை, உங்களைக் கண்டு இப்பிடிப் பயப்பிடுது? என்ன செய்தனீங்கள்?"

வசந்தி என்னைப் பார்த்தாள்.

"கடுவன் கடிச்சதிலை இருந்து அப்பிடித்தான்" என்றேன்.